இரவல் பெயரில் ஒன்பது பேர்

ஜூன் 3, திங்கள்

காலை வெறும் வயிற்றில் 168.

சர்க்கரை அளவைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எழுதுவதற்கு என்ன, இருபத்தாறு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். உதிரி பாகக் கம்பெனிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் ஆரம்பித்துவிட்டேன்.

பெயர் பொம்முராஜ். வயது ஐம்பத்து நாலு. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் பொறுப்பு. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், மொத்தம் எத்தனை நாள் வந்தார் என்பதெல்லாம் என் கையில். நாலாவதுதான் முக்கியம்: யாரை எந்த நாளில் நிறுத்துவது.

இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அந்த ஆள் நிரந்தரத் தொழிலாளி. சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே எங்கள் ஆலையில் நானூற்று ஐம்பதைத் தொட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். சேருகிற அன்றே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்போம். அந்தத் தாளில் 'சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்' என்று நான் நிரப்புவேன். அழகாக எழுதுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்றைக்கு நாலு பேரை அனுப்பினேன். ஒருத்தி காலில் விழுந்தாள். "கால்ல விழுந்தா நாள் குறையுமா? எந்திரிம்மா!" என்று கத்திவிட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதுவும் அழுகிற ஆளைப் பார்த்தால் உடனே வரும்.

நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. நிறுத்தியவர்களில் ஒன்பது பேரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். ஒரே ஆதார் அட்டையில் மறுபடி சேர்த்தால் பழைய நாளும் புது நாளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்பதால் வேறு ஆள் அட்டை கொண்டுவரச் சொன்னேன். தங்கச்சி அட்டை, நாத்தனார் அட்டை, யாருடையதோ. மேனேஜர் கருணாகரன் கண்டுகொள்ளவில்லை. வேலை தெரிந்த கை கிடைத்தால் அவருக்கு என்ன பெயர் இருந்தால் என்ன.

ராமுத்தாயும் அப்படித்தான். தங்கச்சி பாண்டீஸ்வரியின் அட்டையில் ஓடுகிறாள், டோக்கன் 1147. "பாண்டீஸ்வரி!" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்ப மாட்டாள். பக்கத்தில் நிற்கிறவள் இடித்துச் சொல்ல வேண்டும். "என் தங்கச்சி இங்கெங்கே வந்தான்னு பாத்தேன் சார்" என்று சிரிப்பாள்.

ஜூன் 5, புதன்

174. காஸ் புக் செய்தேன். ரம்ஜான் விடுமுறை என்று பேர், நான் ஆலைக்குப் போனேன்.

ஜூன் 12, புதன்

159. நல்ல நாள்.

திண்டுக்கல்லில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு. 'நல்ல நிர்வாகம், நல்ல முதலாளி' என்று பேனர். முதலாளி யாரும் வரவில்லை, என்னைப் போல முப்பது பேர் வந்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர் டை கட்டிக்கொண்டு, தொழிலாளியைக் குடும்பத்தில் ஒருவராக நினைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "உங்க தொழிலாளி பிள்ளைங்க ஒருத்தரோட பேராவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து, "பிரதீபா. பிளஸ் ஒன். பத்தாம் வகுப்புல நானூத்து பதினெட்டு மார்க்" என்றேன். கை தட்டினார்கள். பேனா ஒன்று பரிசு கொடுத்தார்கள்.

ராமுத்தாயின் மகள்தான். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த ஒரு பிள்ளை. மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆலை முழுக்கக் காட்டினாள், எனக்கும் காட்டினாள்.

மத்தியானம் ஒரு வக்கீல் பேசினார். நாள் கணக்கு பற்றி அவர் ஒன்று சொன்னார். எனக்கு அது முன்பே தெரிந்ததுதான். இங்கே எழுத வேண்டியதில்லை.

சாப்பாட்டில் குலோப் ஜாமூன். தொடவில்லை.

ஜூன் 19, புதன்

சர்க்கரை பார்க்கவில்லை.

காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வந்த ஆலை வேன் குளத்து வளைவில் கவிழ்ந்துவிட்டது. ஏழு பேருக்குக் காயம், ஒரு ஆள் அங்கேயே முடிந்துபோனாள். பட்டியலை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

போர்வைக்கு வெளியே ஒரு கை தெரிந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏட்டு ஒருத்தர் கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். "பாண்டீஸ்வரி. டோக்கன் ஆயிரத்து நூத்து நாப்பத்தேழு. உங்க ஆளுதானே?"

"ஆமாங்க" என்றேன்.

அந்த நேரம் ஒரு பொம்பளை செருப்பில்லாமல் ஓடிவந்தாள். காட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், முழங்கால் வரை சேறு. போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏக்கா! ஏக்கா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நீ யாரும்மா?" என்றார் ஏட்டு.

"கூடப் பொறந்த தங்கச்சிங்கய்யா."

"பேரு?"

"பாண்டீஸ்வரிங்க."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "அப்ப செத்துப் போனது யாரு?"

"எங்கக்கா ராமுத்தாயிங்கய்யா!"

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுக்கொண்டவர், "அவ நம்ம ஆளே இல்லய்யா" என்றார். "வேன் போற வழியில கையக் காட்டி ஏறியிருக்கா. அம்புட்டுதான்."

"கழுத்துல கார்டு கிடக்கே சார்."

"தங்கச்சி கார்டு. எடுத்து மாட்டிக்கிட்டு வந்திருக்கா. அத மொதல்ல வாங்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படி வாங்கினேன் என்று எழுதப்போவதில்லை.

ஜூன் 20, வியாழன்

அடக்கத்துக்குப் போகவில்லை. ஆலையிலிருந்து யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் போயிருப்பேனா, தெரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

241.

வேலைக்கு வரும் வழியில் செத்தாலும் வேலையில் செத்ததாகத்தான் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் கணக்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை மாதாமாதம் பணம் வரும். கொடுக்கப்போவது ஈ.எஸ்.ஐ., ஆலை இல்லை. ஆலை கையிலிருந்து ஒரு காசு போகாது. இதை மேனேஜரிடம் எடுத்துச் சொன்னேன்.

"பணம் யாரு பணம்னா என்னய்யா? ராமுத்தாய்னு எழுதினா, ராமுத்தாய் எப்படி உள்ள வந்தான்னு கேப்பான். ஒருத்திய தோண்டுனா ஒம்போதும் வெளிய வரும். போலி ஆதார்ல ஆள் சேத்தது யாரு? நீ. கையெழுத்து யாருது? உன்னுது. கம்பி எண்ணப் போறியா?"

அவரே வழியும் சொன்னார்.

"அந்தத் தங்கச்சிக்காரிய வேலைக்குக் கூட்டிட்டு வா. ரிஜிஸ்டர்ல பாண்டீஸ்வரின்னுதானே இருக்கு? நெசமான பாண்டீஸ்வரி வந்து அந்த மெஷின்ல நின்னுட்டா எவன் என்ன கேக்க முடியும்?"

இதைச் சொல்லிவிட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல். அந்த மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஜூன் 24, திங்கள்

233.

போனேன். ராமுத்தாய் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. பிரதீபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்கூல் யூனிபார்மில் இருந்தாள், ஸ்கூலுக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளையை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன்.

பாண்டீஸ்வரி, "புள்ளைக்கு ஏதாச்சும் வருமா சார்? அக்கா சம்பளத்துல ஈ.எஸ்.ஐ.ன்னு பிடிச்சாங்களே" என்று கேட்டாள்.

"வரும்மா."

"நெசமாவா சார்?"

"நீ அக்கா எடத்துல வேலைக்கு வந்துரு. அப்பத்தான் ஆபீஸ்ல எல்லாம் சிக்கல் இல்லாம முடியும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சட்டம் அப்படிம்மா" என்றேன்.

என் வாயால் சொன்னேன். அவள் உடனே நம்பிவிட்டாள். சட்டம் என்று சொன்னால் போதும், இந்த ஜனங்கள் நம்பிவிடுவார்கள். நம்பாமல் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 27, வியாழன்

228.

பாண்டீஸ்வரி வேலைக்கு வந்தாள். விரல் வைக்கிற மெஷினில் 1147க்கு ராமுத்தாயின் விரல் இருந்தது. நகம் போன அந்த விரல் பதியாமல் தொல்லை கொடுத்ததால் நடுவிரலைப் பதிந்து வைத்திருந்தேன். அதை நீக்கினால்தான் புது விரல் ஏறும். 'நீக்கவா?' என்று மெஷின் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அதிலென்ன இருக்கிறது. வேலை விட்டுப் போகிற எல்லோருக்கும் செய்வதுதான்.

ஜூன் 28, வெள்ளி

தபால் ஆபீஸ் பக்கம் போனேன். ஒரு கவர் வாங்கினேன். வேறு வேலை ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

219. வீட்டுத் தண்ணீர் மோட்டார் பழுது. மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் இழுக்கிறான். அதனால் மனைவி சந்திராவோடு சண்டை.

பாண்டீஸ்வரி களை எடுத்தும் கடலை பிடுங்கியும் பழகியவள். அறுந்த நூலைப் பிடித்து, சுற்றுகிற கதிரில் ஓட்டத்தை நிறுத்தாமல் ஒட்ட வேண்டும். பதினாலு மாசமாக வேலை பார்க்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாள். இவள் விரலை வெட்டிக்கொள்கிறாள். மேஸ்திரியிடம் சொல்லி தினமும் இரண்டு மணி நேரம் அதை மட்டும் பழக்குகிறோம்.

பயிற்சிப் பதிவேடு என்று எங்கள் ஆலையில் ஒன்று உண்டு. நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் கேட்டால் காட்டுவதற்காக வருஷம் முழுக்கப் பொய்யாக நிரப்புவேன். நிஜமாகவே ஒரு ஆளுக்குப் பயிற்சி கொடுத்தது இந்த ஒரு தடவைதான். அதைப் பதிவேட்டில் எழுத முடியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

254.

ஈ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் நாளை மறுநாள் வருகிறாராம். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான் என்று மேனேஜர் குதிக்கிறார். "எவன்னு தெரிஞ்சா தோல உரிச்சிருவேன்" என்றார். நானும் சேர்ந்து திட்டினேன்.

பாண்டீஸ்வரிக்குச் சொல்ல வேண்டிய பதில்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டாவது வரை படித்திருக்கிறாள், வாசித்துவிடுவாள்.

'நான் இங்கே பதினாலு மாசமாக வேலை பார்க்கிறேன்.'

'என் அக்கா காட்டு வேலைக்குப் போவார். அன்றைக்கு வேனில் சும்மா ஏறினார்.'

"இப்படிச் சொன்னா புள்ளைக்குப் பணம் எப்படி சார் வரும்?" என்று கேட்டாள். கேள்வி சரியான கேள்வி. "மொதல்ல இது முடியட்டும்" என்றேன்.

ஜூலை 11, வியாழன்

இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், காட்டன் சேலை, கையில் ஒரு துணிப்பை. மேனேஜர் இளநீர் வெட்டி வைத்தார், அவர் சொந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தார். நேராக மெஷினுக்குப் போனார்.

"பாண்டீஸ்வரி யாரு?"

"நாந்தாங்க மேடம்."

"எத்தனை நாளா வேலை பாக்குறீங்க?"

"பதினாலு மாசமா."

இன்ஸ்பெக்டர் ஓடுகிற நூல் ஒன்றைத் தன் விரலாலேயே அறுத்துவிட்டு, "ஒட்டுங்க பாப்போம்" என்றார்.

முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை ஒட்டிவிட்டாள். சுத்தமாக, முடிச்சே தெரியாமல். மேஸ்திரி பெருமூச்சு விட்டார்.

"உங்க அக்கா எங்க வேலை பார்த்தாங்க?"

"அக்கா காட்டு வேலைக்குப் போவாக. அன்னிக்கி வேன்ல சும்மா ஏறினாக."

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. குரல் மட்டும் நடுங்கவில்லை. எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் மாறாமல் சொல்லிவிட்டாள்.

பிறகு என் அறைக்கு வந்து ரிஜிஸ்டரைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சார். சமீபத்துல எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். மேனேஜர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"மொட்டைக் கடுதாசிய வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று மெதுவாகச் சொன்னார். "பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு ஒருத்தர் எழுதிக் குடுத்தா பண்ணலாம். இந்த ரிஜிஸ்டர்ல இருக்கறது எல்லாம் சரிதானா சார்?"

"சரிதாங்க மேடம்" என்றேன்.

துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் என் தோளில் தட்டி, "கில்லாடிய்யா நீ" என்றார்.

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

262.

மோட்டார் சரியாகிவிட்டது. தொட்டி நிரம்பி வழிகிறது, நிறுத்த எழுந்து போகப் பிடிக்கவில்லை. சந்திரா கத்துகிறாள்.

இதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது.

ராமுத்தாய்க்கு நான் உதவி செய்யவில்லை.

போன வருஷம் அவளை நானூற்று ஐம்பத்து இரண்டாவது நாளில் நிறுத்தினேன். கணக்கு சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை மெஷினில் விரல் நசுங்கி முப்பத்தொரு நாள் வீட்டில் இருந்தாள். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கிற நாளும் வேலை பார்த்த நாளாகத்தான் கணக்கில் சேரும். கருத்தரங்கில் அந்த வக்கீல் சொன்னதும் இதைத்தான். அதை நான் மறந்துபோனேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் செய்த ஒரே தப்பு. நிறுத்தி நாலு நாள் கழித்துத்தான் பழைய கோப்பில் கண்ணில் பட்டது. நானூற்று எண்பத்து மூன்று. அவள் அப்போதே நிரந்தரத் தொழிலாளி.

அவளுக்குத் தெரியாது. யாராவது சொல்லிக் கேஸ் போட்டால் மேனேஜர் என் கழுத்தைப் பிடிப்பார். அதனால் ராஜினாமாவில் ஒரு மாசம் முன் தேதி போட்டேன். விரல் நசுங்கிய கோப்பைக் கிழித்தேன். பிறகு நானே ஆள் அனுப்பி, "தங்கச்சி ஆதார் கொண்டா, வேலை போட்டுத் தர்றேன்" என்றேன். வேலை கிடைத்துவிட்டால் பழையதைக் கிளற மாட்டாள் அல்லவா? அவள் ஒரு கிலோ மக்காச்சோளமும் இரண்டு பூசணிக்காயும் கொண்டுவந்து கொடுத்து, "தெய்வம் சார் நீங்க" என்றாள். அந்தப் பூசணிக்காயைச் சந்திரா சாம்பார் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

மற்ற எட்டுப் பேரும் அவளைப் பார்த்துத்தான் வந்து கேட்டார்கள். வழக்கமாகிவிட்டது. நானும் நல்லவன் ஆகிவிட்டேன்.

அவளை அவள் பெயரிலேயே விட்டிருந்தால் இன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பணம் கேட்காமலே வந்திருக்கும்.

ஜூலை 19, வெள்ளி

249.

பாண்டீஸ்வரி டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். "இன்ஸ்பெக்டர் மேடம் வந்துட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சு சார். புள்ளைக்கு எப்ப வரும்?"

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா?"

பின்னால் டோக்கன் வாங்க ஆட்கள் நின்றார்கள். "போம்மா, போய் வேலையப் பாரு" என்று விரட்டினேன்.

போகவில்லை. குனிந்து ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து, "அக்கா இங்க வேலையே பாக்கலன்னு என்னையவே சொல்ல வச்சிட்டீங்களே சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இப்போதுதான் புரிந்துகொண்டவள் மாதிரி சொன்னாள். பிறகு மெஷினுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 20, சனி

சர்க்கரை பார்க்கவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்

காலை எட்டரை மணிக்கு செக்யூரிட்டி உள்ளே வந்து, "புதுசா ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்கு சார்" என்றான். வரச் சொன்னேன்.

பிரதீபா.

பெரிய ஆள் மாதிரி சேலை கட்டியிருந்தாள். அம்மா சேலையாக இருக்கும், இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆதார் அட்டை ஒன்றை என் மேஜையில் வைத்தாள். ஜெயப்பிரியா என்று போட்டிருந்தது. வயது பத்தொன்பது.

"யாரு இது?"

"பெரியப்பா பொண்ணு சார். அவ வேலைக்கெல்லாம் வர மாட்டா. காலேஜ் போறா. அவ அட்டைல நான் வரேன்."

"ஸ்கூலுக்குப் போகலையா?"

"போகல சார்."

"சித்திக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். சொல்லிறாதீங்க." தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா சொல்லுவாக, டைம் ஆபீஸ் சார்கிட்ட யார் அட்டையாச்சும் கொண்டுபோனா போதும், நல்லவருன்னு" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் கண் தெரியவில்லை. சர்க்கரையாக இருக்கலாம்.

எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். இவளிடம் கத்தவில்லை. உட்காரச் சொன்னேன். பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். அவள் சாப்பிடுகிற நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

ராமுத்தாய் இந்த ஆலையில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தப் பெயரில் வேலை பார்த்தார், அன்றைக்கு எந்த ஷிப்டுக்காக வேனில் வந்தார், இறந்தவர் கழுத்திலிருந்து அட்டையை வாங்கியது யார், விரல் பதிவை நீக்கியது யார், தங்கைக்குப் பதில் எழுதிக் கொடுத்தது யார், எல்லாம் எழுதினேன். இரண்டு பெயரையும் சேர்த்து மொத்த நாள் போட்டேன். கிழித்த கோப்பையும் எழுதினேன். கடைசியில் என் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், கையெழுத்து.

மேனேஜர் பெயரையும் எழுதிவிட்டேன்.

"இத எடுத்துக்கிட்டு சித்திக்கு இன்னிக்கு மத்தியான ஷிப்டு, வீட்டுலதான் இருக்கும், கூட்டிக்க. திண்டுக்கல் ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல அந்த மேடத்துகிட்டயே குடு. சீல் வச்ச ரசீது வாங்காம வராத" என்றேன். "இந்த அட்டைய அந்தப் பிள்ளகிட்டயே திருப்பிக் குடுத்துரு. யார் பேர்லயும் யாரும் போகக் கூடாது."

"வேலை இல்லையா சார்?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தாளில் இருப்பதை அவள் இன்னும் வாசிக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

271.

சந்திராவிடம் சொன்னேன். அரிசியைக் களைந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "ஜெயில்ல போடுவாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "மாத்திரை அங்க குடுப்பாங்களா?" என்றாள். அதுவும் தெரியாது. மறுபடி அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

ஜூலை 25, வியாழன்

காலையில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தற்காலிகப் பணிநீக்க உத்தரவை செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். போலி ஆவணம் தயாரித்தது, ஆலையை ஏமாற்றியது, நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஆள் சேர்த்தது என்று குற்றச்சாட்டு. போலீசிலும் புகார் கொடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

உத்தரவில் மூன்று எழுத்துப் பிழை இருந்தது. நான் எழுதியிருந்தால் இருந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் அம்மா போனில், "கேஸ் எடுத்தாச்சு சார். ஆலைக்காரங்க கோர்ட்டுக்குப் போவாங்க. ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். பொண்ணுக்கு வாய்ப்பு இருக்கு. உங்களையும் சாட்சிக் கூண்டுல ஏத்துவாங்க, ஏறுவீங்களா?" என்றார்.

"ஏறுவேன் மேடம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

வைத்துவிட்டார்.

ஜூலை 27, சனி

ஸ்டேஷனில் காலை முதல் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதே ஏட்டு. என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, நானும்தான். வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கூப்பிட்டால் வர வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வாசலில் சத்தம். இரவல் பெயரில் இருந்த மீதி எட்டுப் பேரும் நின்றார்கள். நேற்று ஒரே மூச்சில் எட்டுப் பேரையும் வெளியே தள்ளியிருக்கிறார்கள். பாண்டீஸ்வரியையும்.

வந்தவர்களில் ஒருத்தி சாபம் விட்டாள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். சந்திரா கதவைச் சாத்தப் போனாள். வேண்டாம் என்றேன்.

நாத்தனார் அட்டையில் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை. "செத்தவளுக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க சார். சந்தோஷம். இருக்கற எங்க வாயில மண்ணப் போட்டுட்டீங்களே. எங்களக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்பதே அந்தத் தாளை எழுதும்போது எனக்கு ஞாபகத்தில் இல்லை. இதை அவளிடம் சொன்னேன். பிரமித்துப்போய் என்னையே பார்த்தாள்.

பழைய பெயரில் இருந்த நாளையும் இரவல் பெயரில் இருந்த நாளையும் சேர்த்தால், இரண்டு வருஷக் கணக்கில் எட்டுப் பேரும் நானூற்று எண்பதைத் தாண்டியவர்கள். சட்டப்படி நிரந்தரத் தொழிலாளிகள். அந்தக் கணக்கு ஆலை ரிஜிஸ்டரில் இருக்காது, இந்நேரம் எரித்திருப்பார்கள். என் தலைக்குள் இருக்கிறது. ஆளை வெளியே தள்ளுவதற்காக நாள் தவறாமல் எண்ணி வைத்திருந்தேனே, அந்தக் கணக்கு. அதை அவர்களிடம் சொன்னேன். லேபர் ஆபீசுக்கு மனு எழுதித் தருகிறேன், சாட்சியும் சொல்கிறேன், கிடைக்குமா என்று எனக்கே தெரியாது, வருஷக்கணக்கில் ஆகும் என்றேன்.

"அதுவரைக்கும் திங்கறதுக்கு என்ன சார் பண்றது?" என்றாள் ஒருத்தி.

மூன்று பேர் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து பேர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சந்திரா தண்ணீர் கொடுத்தாள்.

நான் தாளை எடுத்து, நாத்தனார் அட்டைக்காரியிடமிருந்து ஆரம்பித்தேன். 'மனுதாரர் பெயர்' என்று எழுதிவிட்டு நின்றுவிட்டேன். பதினோரு மாசமாக அவளை நான் மகாலட்சுமி என்று கூப்பிட்டிருக்கிறேன். அது நாத்தனார் பெயர்.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவள் அந்தத் தாளை இழுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தாள்.